கைப்பிடி நுழைந்தால்

“இந்தக் கம்பி உன்னைக் காப்பாத்துமாப்பா, வண்டியைக் காப்பாத்துமா?”

மோட்டார் சைக்கிளின் இரு பக்கமும் பாதுகாப்புக் கம்பி மாட்டிக்கொண்டு வந்த அன்று மகள் கேட்டது. அப்போது அவளுக்கு ஐந்து வயது. “ரெண்டையும்தான்” என்று சிரித்துவிட்டு உள்ளே போனார் பெட்டிக்காரர். கம்பிக்கு அந்தப் பக்கம் இன்னொருவரும் இருக்கக்கூடும் என்பது குழந்தைக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

பெட்டிக்காரர் என்பது வேலையால் வந்த பெயர். சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகளில் எடுத்த ரத்தத்தைச் சிவப்புப் பெட்டியில் வைத்து, பனிக்கட்டி உருகுவதற்குள் பரிசோதனைக் கூடத்தில் சேர்ப்பார். அவர் மனைவிக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் மாவுக்கட்டு அறையில் வேலை. வண்டி சாய்ந்தால் எந்த எலும்பு போகும், எத்தனை வாரம் படுக்கை என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில். அதனால்தான், பழைய கம்பி போல்ட் கழன்று எங்கோ விழுந்துவிட்டது என்று அவர் சொன்னதும், புதுசு ஒன்றை வாங்கி, ஒரு சனிக்கிழமை மதியம் கணவரையும் இழுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிட்டாள்.

மெக்கானிக் வண்டியைச் சுற்றி வந்தான். “ஏண்ணே, நாலு போல்ட்டும் ஒண்ணாவா கழண்டுச்சு? வண்டிக்குக் குளிர் காய்ச்சல் வந்து நடுங்கினாக்கூட அப்படி விழாதே.”

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக் கணவரைப் பார்த்தாள். அவர் டேங்க் மேல் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“மாட்டட்டுமாக்கா?”

“மாட்டுப்பா.”

ஸ்பானர் போல்ட்டில் உட்காரும் சத்தம் கேட்டது. பெட்டிக்காரருக்கு அது கணுக்காலில் கேட்டது.

மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்தது. நின்றிருந்த பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில் ஒரு சைக்கிள். பேப்பர் போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த வயதானவர் ஒரு காலை ஊன்றி நின்றிருந்தார். பெட்டி வண்டி ஓட்டுகிறவர்களுக்குள் ஒரு கணக்கு உண்டு: கைப்பிடி நுழைந்தால் வண்டி நுழையும். பதினோரு வருஷம் அந்தக் கணக்கிலேயே ஓட்டியவர் அவர். அன்றும் கைப்பிடியை லேசாக ஒடித்து நுழைத்தார், நுழைந்தது. கீழே கம்பி துருத்திக்கொண்டிருப்பதைக் கை மறந்துவிட்டது. கம்பி பெடலைக் கொக்கி போட்டு இழுத்தது. பெடலுக்கும் கம்பிக்கும் நடுவில் பேப்பர்காரரின் கணுக்கால்.

கீழே கிடந்தபடியே பேப்பர்காரர், ‘ரத்தம்’ என்று எழுதியிருந்த சிவப்புப் பெட்டியைப் பார்த்தார். “யாரோட ரத்தமோ. நீ போப்பா, என்னை இவங்க பாத்துப்பாங்க” என்றார், கூடியவர்களைக் காட்டி. பெட்டிக்காரர் போய்விட்டார். போய்விட்டார் என்பதுதான் அன்றிலிருந்து உறுத்துகிறது. பெட்டி நேரத்துக்குச் சேர்ந்தது. திரும்பி வந்தபோது அங்கே யாரும் இல்லை.

அன்று ராத்திரி சாப்பிடும்போது மனைவி சொன்னாள்: “ஒரு பேப்பர்காரருக்குக் கட்டுப் போட்டேங்க. யாரு இடிச்சதுன்னு கேட்டா, நானேதான் விழுந்தேன்ம்மாங்கிறார். தானா விழுந்த கால் அப்படி உடையாது.” அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். மறுநாள் காலையிலேயே கம்பியைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் எறிந்தார். கழற்றியது சுலபமாக இருந்தது. சொல்வதுதான் ஆகவில்லை.

“ஒரு பக்கம் முடிஞ்சுது” என்றான் மெக்கானிக்.

“கழட்டிடு” என்றார் பெட்டிக்காரர்.

“ஏங்க, உங்களுக்கு என்னதான் ஆச்சு? தினம் எத்தனை கால் பாக்குறேன் தெரியுமா? ஒவ்வொண்ணுலயும் உங்க செருப்பு இருக்கான்னுதான் முதல்ல பாக்குறேன்.”

“நீ கட்டின ஒரு கால் நான் உடைச்சது.”

மெக்கானிக் மெல்ல எழுந்து, டீ குடித்துவிட்டு வருவதாக யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு நகர்ந்தான். பெட்டிக்காரர் எதையும் விடாமல் சொன்னார். அந்த மனிதர் போகச் சொன்னதையும், சொன்னதும் தனக்கு நிம்மதியாக இருந்ததையும்கூடச் சொன்னார்.

அவள் குனிந்தாள். தரையில் கிடந்த இன்னொரு பக்கத்துக் கம்பியைத் தூக்கி, ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

“அன்னிக்கு அவர் காலைப் பிடிச்சுக்கிட்டே, இடிச்சவன் நல்லா இருப்பானான்னு திட்டினேங்க” என்றாள். “திட்டாதம்மா, அவனுக்கு என்ன அவசரமோன்னு சொன்னார். யாரும் இடிக்கலைன்னு அவரே சொல்லிட்டு, அதையும் சொன்னார்.”

மெக்கானிக் திரும்பி வந்ததும் கம்பியை அவனிடம் நீட்டினாள். “இது வேணாம்ப்பா. கைப்பிடியைத் தாண்டி வெளியே வராத மாதிரி ஏதாவது இருக்கா?”

“இன்ஜினோட ஒட்டி உருண்டையா ரெண்டு கட்டை வருதுக்கா. வெளியே நீட்டாது. ஆனா காலை முழுசாக் காப்பாத்தாது.”

அவள் கணவரின் கால்களைப் பார்த்தாள். அந்த அறையில் பார்த்த கால்கள் அத்தனையும் அந்த ஒரு பார்வையில் வந்து போயிருக்க வேண்டும்.

“அதையே போடு” என்றாள். பிறகு அவரிடம், குரலை இறக்கி: “பேப்பர்காரர் வீட்டு விலாசம் எங்கிட்ட இருக்கு. மூணாவது மாடி. தண்ணிக் குழாய் கீழ.”

அன்று சாயங்காலமே பெட்டிக்காரர் போய்ப் பார்த்தார். மன்னிப்புக் கேட்டார். “பெட்டி போய்ச் சேந்துச்சில்ல? அப்புறம் என்ன” என்றார் பேப்பர்காரர். தண்ணீர் எடுத்துத் தரட்டுமா என்றதற்கு, “எனக்குக் கையிருக்குப்பா” என்று பேச்சை முடித்துவிட்டார். கொடுக்கத் தெரிந்தவர்களில் சிலருக்கு வாங்கத் தெரிவதில்லை.

மறுநாள் விடியற்காலை தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தினார் பெட்டிக்காரர். கட்டிடம் தூங்கிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்த இரண்டு கேன்களையும் குழாயடியில் நிரப்பி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். மூன்றாவது மாடி வாசலில் இருந்த டிரம்மில் கையகலத் தண்ணீர்தான் கிடந்தது. சத்தம் வராமல் ஓரத்தோடு சரித்து ஊற்றினார். இறங்கினார், ஏறினார். ஐந்தாவது நடையில் கேன்களைக் கை மாற்றிக்கொண்டார். எட்டாவதில் தண்ணீர் டிரம்மின் விளிம்பைத் தொட்டது. உள்ளே ஊன்றுகோல் தரையைத் தட்டும் ஓசை வாசலை நோக்கி வந்தது. கேன்களை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் படியிறங்கினார்.

மேலே, ஆடி அடங்காத தண்ணீரில், மாடிப்படி ஜன்னலின் முதல் வெளிச்சம் துண்டு துண்டாகி மெல்ல ஒன்று சேர்ந்துகொண்டிருந்தது.