கதை கேட்க வந்தவர்கள்

இவர்களெல்லாம் ஓய்வெடுத்தே களைத்துப்போய் வந்திருக்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஓய்வுக்கும் எவ்வளவு உழைக்க வேண்டியிருக்கிறது, பாவம். மலை ஏற வேண்டும், மலை பின்னால் தெரிகிற மாதிரி நிற்க வேண்டும், படம் சரியாக விழவில்லை என்றால் இறங்கி வந்து மறுபடி ஏற வேண்டும்.

விடுதி அறையின் நடுவில் இரண்டு பைகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. ஈரத்துணியின் வாடை. அறைத்தோழிகள் இருவரும் சுற்றுலா முடிந்து அப்போதுதான் வந்திருந்தார்கள். உயரமானவளுக்குப் பட்டப்பெயர் வக்கீல்; எதைக் கேட்டாலும் பதிலுக்கு ஒரு கேள்வி வைத்திருப்பாள். குட்டையாக, ஓரிடத்தில் நிற்காமல் இருப்பவள் சிட்டு. மூன்று பேரும் பார்மசி மூன்றாம் ஆண்டு. சன்னலோரக் கட்டிலில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த இவளுக்கு அவர்கள் வைத்த பெயர் டீச்சர்.

"நீயும் வந்திருக்கணும்டி டீச்சர். அங்க என்ன காத்து தெரியுமா!" என்றாள் சிட்டு.

"இங்கயும்தான் காத்து வருது."

"வரும், வரும். பக்கத்தைப் புரட்டினா வர்ற காத்துதானே?" வக்கீல் காலணியைக் கழற்றி மூலையில் எறிந்தாள். "அந்த மேடம் என்ன சொன்னாங்க? பேலன்ஸ் வேணும்னு சொன்னாங்களா இல்லையா? நாங்க அவங்க பேச்சைக் கேட்டோம். நீ கேட்டியா?"

அந்த மேடம் போன வாரம் வந்த ஆலோசகர். செமஸ்டர் முடிவில் பிள்ளைகள் மனம் தளர்ந்துவிடக் கூடாது என்று கல்லூரியே அழைத்து வந்தது. படிக்க வேண்டிய நேரத்தில் எல்லோரையும் அரங்கில் அடைத்து, வருகைப்பதிவு எடுத்து, எப்படி ஓய்வெடுப்பது என்று பாடம் நடத்தினார்கள். திரையில் ஒரு தராசு. ஒரு தட்டில் புத்தகம், மறு தட்டில் பந்து. படிப்பும் பொழுதுபோக்கும் சமமாக இருக்க வேண்டுமாம். மகிழ்ச்சிக்கென்று பச்சை வண்ணத்தில் கட்டம் போட்ட ஒரு கால அட்டவணையையும் காட்டினார். செமஸ்டர் முழுக்கப் பச்சைக் கட்டத்திலேயே குடியிருந்தவர்கள்தான் முன்வரிசையில் உட்கார்ந்து, அதை அக்கறையாகக் குறித்துக்கொண்டார்கள். தேங்கிய தண்ணீருக்கு அணை கட்டச் சொல்லிக்கொடுத்த மாதிரி இருந்தது அவளுக்கு.

அவள் மறுபடி புத்தகத்தில் கண்ணை வைத்தாள். மறுநாள் காலை அவளுக்கு மட்டும் ஒரு பரீட்சை இருந்தது. போன செமஸ்டரில் அவள் தவறிய மருந்தியல் முதல் தாள். இந்த முறையும் போனால் கடைசி ஆண்டுக்குள் விடமாட்டார்கள். மற்றவர்கள் மேலே போக, அவள் ஜூனியர்களோடு உட்கார வேண்டும். அதற்கு அடுத்த நாள் எல்லோருக்கும் இரண்டாம் தாள். அந்த இரண்டாம் தாளுக்காகத்தான் இவர்கள் மலையிலிருந்து இறங்கி வந்திருக்கிறார்கள். படிக்க அல்ல. கேட்க.

அந்த மாடியில் அப்படி ஒரு வழக்கம் உருவாகியிருந்தது. பரீட்சைக்கு முன்னால் டீச்சர் கட்டிலில் உட்கார்ந்து முழுப் பாடத்தையும் கதையாகச் சொல்வாள். பக்கத்து அறைகளிலிருந்தும் தலையணையோடு வந்து தரையில் படுத்துக்கொள்வார்கள். புத்தகம் யாரும் கொண்டு வரமாட்டார்கள். கொண்டுவந்தால் அபசகுனம் என்று ஒரு நகைச்சுவை. இவள் சொல்வதும் நன்றாகத்தான் இருக்கும். வாய்வழியாகப் போகிற மருந்து ரத்தத்தில் கலப்பதற்கு முன்னால் கல்லீரலில் பாதி அழிந்துபோவதை, "கல்லீரல் ஒரு மாமியார்டி. வந்தவ பையை வாசல்லயே வாங்கி, பாதியை எடுத்து வெச்சுக்கிட்டுத்தான் வீட்டுக்குள்ள விடும்" என்பாள். அறை குலுங்கும். கேட்டவர்கள் அதை அப்படியே மனதில் வாங்கி, மாமியாரை மட்டும் கழற்றிவிட்டு விடைத்தாளில் எழுதித் தேறிவிடுவார்கள்.

அம்மா இதைத் தொலைபேசியில் கேட்டுப் பூரித்துப்போவாள். பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டே, பக்கத்தில் பொத்தானுக்குக் காஜா எடுக்கிற சித்தியிடம், "எங்க வீட்டுப் பொண்ணு அங்க மத்தவங்களுக்கே பாடம் எடுக்குறா" என்று இவள் காதில் விழும்படி சொல்வாள். பிறகு இவளிடம், "சொல்லிக்குடும்மா. சொல்லிக்குடுத்தா நமக்கும் மனசுல நிக்கும்" என்பாள்.

நின்றது. சொல்லிக்கொடுத்தது மட்டும் நின்றது. அதுதான் வினையாகப் போயிற்று.

மாமியார் எடுத்துக்கொள்கிற மருந்துகளைப் பற்றிச் சொன்னவள், கல்லீரலுக்குள் போன பிறகுதான் வேலை செய்கிற உருவமே பெறும் மருந்துகளைச் சொல்லவில்லை. சொன்னால் கதை குழம்பும். எடுக்கிற மாமியாரைக் கேட்டு அறை சிரிக்கும். கொடுக்கிற மாமியாரை யார் நம்புவார்கள்? அப்படியே கணக்குகளை விட்டாள், விதிவிலக்குகளை விட்டாள். அவர்களுக்காகத்தானே விடுகிறோம், நமக்குத் தெரியுமே என்று நினைத்தாள். பரீட்சை அறையில் எளிய கேள்விகளைத் தொடுவது தனக்கு இழுக்கு என்று அவற்றைத் தாண்டி, பெரிய கேள்விகளை எடுத்தாள். எல்லாம் விதிவிலக்குகள். படித்த நினைவு இருந்தது, பக்கத்தில் எந்த மூலையில் இருந்தது என்பதுகூடத் தெரிந்தது. எழுதப்போனால் மாமியார்தான் வந்து நின்றாள். கதை கேட்டவர்கள் தேறினார்கள். கதை சொன்னவள் தவறினாள்.

முடிவு வந்த அன்று வக்கீல் அவள் தோளில் கைபோட்டு, "விடுடி, பேப்பர் திருத்தினவனுக்குக் கண்ணு தெரியல" என்றாள். அந்த ஆறுதலை அவளும் கொஞ்ச நாள் நம்பினாள். எவ்வளவு மலிவான ஆறுதலானாலும் நம் அளவுக்குத் தைத்துக் கொடுத்தால் போட்டுக்கொள்கிறோம்.

இந்த இரண்டு நாளும் அறை காலியாக இருந்தபோதுதான் அவளுக்கு ஒன்று புரிந்தது. கேட்க ஆளில்லாமல் புத்தகத்தைத் திறந்தால் கண் அதில் நிற்கவில்லை. ஒவ்வொரு பத்தியையும் படிக்கும்போதே, இதை எப்படிச் சொன்னால் சிட்டு சிரிப்பாள் என்று மனம் ஓடியது. சொல்லத் தோதில்லாத பத்தியைக் கண் தானாகத் தாண்டியது. மலைக்குப் போனவர்களைப் பார்த்து உதட்டைச் சுழிக்கிறாளே, அவளுடைய பச்சைக் கட்டம் எது? கட்டிலின் மேல் அவள், தரையில் ஆறேழு முகங்கள், அத்தனையும் அவள் வாயைப் பார்த்தபடி. அதைவிடச் சொகுசான பொழுதுபோக்கு அந்த விடுதியில் யாருக்கும் வாய்த்ததில்லை. அவர்களாவது மலைக்குப் போனோம் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். இவள் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு போயிருக்கிறாள்.

அது தெரிந்த பிறகு அவள் மெதுவாகப் படித்தாள். சிரிப்பு வராத பத்திகளை மட்டும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கதவு தட்டாமலே திறந்தது. பக்கத்து அறைக்காரிகள் தலையணைகளோடு வந்தார்கள். ஒருத்தி சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்தாள். கழுவின தலை காயாமல் துண்டோடு வந்த சிட்டு, கட்டிலின் காலடியில் வழக்கமான இடத்தைப் பிடித்தாள்.

"ஆரம்பிங்க டீச்சரம்மா," என்றாள் வக்கீல். "இதயத்துல தொடங்கு. அதுக்கு நல்ல கதையா வெச்சிருப்பியே. காதல் கீதல்னு."

"நான் இப்போ சொல்லல."

"அப்போ சாயந்திரமா?"

"சாயந்திரமும் இல்ல. எனக்கு நாளைக்குப் பேப்பர் இருக்கு."

"அது நீ ஏற்கெனவே எழுதின பேப்பர்தானே? எங்களுக்கே தலைகீழா வரும்டி அது. உனக்கு வராதா?"

யாரோ சிரித்தார்கள். வக்கீல் சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் வேடிக்கை. அவர்களுக்குத் தலைகீழாக வரும்.

"உங்களுக்கு வரும். எனக்கு வரல," என்றாள்.

"ஓவரா பண்ணாதடி. ஒரு மணி நேரம் பேசினா உன் மூளை என்ன கரைஞ்சா போயிடும்?"

"புத்தகம் மேசை மேல இருக்கு. எடுத்துக்கோங்க. ரெண்டாம் தாளுக்கு நான் நாளைக்குச் சாயந்திரம்தான் அதைத் தொடுவேன்."

"புத்தகமா!" என்றாள் சிப்ஸ்காரி, செத்த எலியைக் காட்டின மாதிரி.

"தெரிஞ்சதை நாலு பேருக்குச் சொன்னா என்ன குறைஞ்சுடும்? இப்படி ஒரு சுயநலத்தை நான் பார்த்ததில்லப்பா," என்று வக்கீல் கூரையைப் பார்த்துச் சொன்னாள்.

மலைக்குப் போகும்போது இவர்களுக்கு வராத அந்தச் சொல், கதை இல்லை என்றதும் வந்துவிட்டது. அதற்குப் பதில் சொல்லியிருந்தால் அவள் நன்றாகச் சொல்லியிருப்பாள், எல்லோரும் கேட்டிருப்பார்கள், மறுபடி அவள் கட்டிலிலும் அவர்கள் தரையிலுமாக ஆகியிருக்கும். அந்த ஆபத்து அவளுக்குத் தெரிந்திருந்தது. தன் முதல் தாள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

வராந்தாவின் கோடியில் துணி தேய்க்கிற அறை. மின்விசிறி கிடையாது, நல்ல வெளிச்சம். தேய்ப்பு மேசையின் மேல் புத்தகத்தை விரித்து, நின்றபடியே ஒரு கணக்கைப் போட ஆரம்பித்தாள். முதல் முறை தப்பு. இரண்டாம் முறையும் தப்பு, ஆனால் வேறு இடத்தில்.

வாசலில் நிழல். சிட்டு. துண்டு தோளில் நழுவிக் கிடந்தது. சிரிப்பு இல்லாத முகத்தோடு அவளை இவள் பார்த்ததே இல்லை.

"அவங்க புத்தகத்தை எடுத்து வெச்சுட்டு ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்கிறாங்க," என்றாள் சிட்டு. "எனக்கு ஒண்ணுமே புரியல."

"மெதுவா வாசி. புரியும்."

"இல்லடி. நெசமா. எனக்கு வாசிச்சா ஏற மாட்டேங்குது. எப்பவுமே நீ சொல்லித்தானே..." குரல் உடைந்தது. "மலைக்குப் போகாம இருந்திருக்கலாம். போனேன். தப்புதான். அந்த இதயப் பாடம் மட்டும். ஒண்ணே ஒண்ணு. அவங்களுக்கு வேண்டாம், எனக்கு மட்டும் சொல்லு."

வக்கீலை மறுப்பதற்கு வேண்டிய ஏளனம் அவளிடம் நிறையவே இருந்தது. சிட்டுவின் ஈரத் தலையையும் நடுங்கும் உதட்டையும் பார்த்தபோது அதில் ஒரு துளியும் கைக்கு அகப்படவில்லை. இவளை இப்படி ஆக்கியதில் தன் பங்கு எவ்வளவு என்று ஓர் எண்ணம் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது, வெட்கமில்லாமல்: இதயத்தை எப்படிச் சொல்லலாம் என்று முதல் வாக்கியம் நாக்கில் தயாராக நின்றது. நல்ல வாக்கியம். சிட்டு அழுகையிலும் சிரிப்பாள்.

அவள் அதை விழுங்கினாள்.

"இல்ல சிட்டு," என்றாள், மெதுவாக. "சொல்ல மாட்டேன்."

சிட்டு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். அவள் காலடி அறைவரை போய், கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை இவளால் கணக்கைப் பார்க்க முடியவில்லை.