உங்க ஒருத்தருக்குத்தான்

அதிகாரி காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். ஈஸ்வரிக்கு முதல் சந்தேகம் அங்கேதான் எழுந்தது. புருஷனைத் தவிர அவளுடைய வியாதி தெரிந்த ஒரே சொந்தம் நாத்தனார். அவளே ஈஸ்வரி கையால் எது கொடுத்தாலும் இப்போதுதான் சாப்பிட்டேன் என்று ஒதுக்கிவிடுகிறாள். சுகாதாரத் துறையிலிருந்து வந்திருந்த இந்த சிங்காரவேலு முன்பின் தெரியாதவர். டம்ளரில் வாய் வைத்தே குடித்துவிட்டு, "டிகாஷன் பிரமாதம்மா" என்று வேறு சொன்னார். இப்படி ஒரு பிரியத்தைக் காட்டச் சொல்லி இவரை யார் அனுப்பியிருப்பார்கள் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் ஆடி மாதம் கர்ப்பப்பைக் கட்டிக்கு அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தபோது அவளுக்கு ரத்தம் ஏற்றினார்கள். சில மாதம் கழித்து விடாமல் காய்ச்சல் அடித்தது. பரிசோதனையில் எச்.ஐ.வி. என்று வந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் அங்கேயே எடுத்த பரிசோதனையில் அது இல்லை. புருஷன் பரணிதரனுக்கும் இல்லை. ஏற்றிய ரத்தத்தில்தான் வந்தது என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்துத்தான் நஷ்ட ஈடு கேட்டு மனு கொடுத்திருந்தாள்.

"கவர்மெண்டு உங்களைக் கைவிடாதும்மா. ஆஸ்பத்திரியிலயே ஒரு வேலைக்கு ஏற்பாடு பண்றோம். ஆனா வக்கீலு, பேப்பர்காரங்கன்னு போயிடாதீங்க. ஊர் பூரா தெரிஞ்சிடும். பொம்பளப் புள்ளைய வச்சிருக்கீங்க." சிங்காரவேலு குரலைத் தாழ்த்தினார். "அங்க எத்தனையோ பேருக்கு ரத்தம் ஏத்துறோம். யாருக்கும் ஒண்ணும் ஆனதில்ல. உங்க ஒருத்தருக்குத்தான் இப்படி."

அவர் போன பிறகும் அந்த வார்த்தை வீட்டுக்குள்ளேயே நின்றது. உங்க ஒருத்தருக்குத்தான். ஆறுதலாகச் சொன்னாரா, குற்றமாகச் சொன்னாரா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை.

மனுவின் மேல் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நீளமான மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். சிங்காரவேலு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். நடுவில் இருந்த டாக்டரம்மா மென்மையாகத்தான் பேசினார்.

"முன்னாடி எடுத்த டெஸ்ட்ல வரலங்கறதுக்காக உங்களுக்கு அப்ப இல்லன்னு சொல்லிட முடியாதும்மா. புதுசா தொத்தியிருந்தா கொஞ்ச நாளைக்கு டெஸ்ட்ல தெரியாது. உங்க வீட்டுக்காரர் அப்ப எங்க இருந்தாரு?"

"சிங்கப்பூர்ல."

"ஆபரேஷனுக்கு வந்தாரா?"

"மறுநாள்தான் வந்தாங்க."

"அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷமா நீங்க தனியாத்தான் இருந்திருக்கீங்க." டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேற யாரோடவாவது பழக்கம்... எல்லாரையும் கேக்குறதுதான். தப்பா எடுத்துக்காதீங்க."

ஈஸ்வரி வாயைத் திறக்கவில்லை. இல்லை என்று சொன்னால்கூட, கேட்டது நியாயமான கேள்வி என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அவளுக்குப் பட்டது. பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். பரணிதரன் ஜன்னல் வழியாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே பார்ப்பதற்கு மதில் சுவரைத் தவிர ஒன்றுமில்லை.

திரும்பும்போது குறுவை அறுவடைக்காலம். தாராசுரம் தாண்டியதும் பாதிச் சாலையில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. பஸ் ஒதுங்கி ஒதுங்கிப் போயிற்று. வேறு நாளாயிருந்தால் பரணிதரன் இந்நேரத்துக்குக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் எவ்வளவு என்று நாலு பேரிடம் விசாரித்திருப்பான். இன்றைக்கு வாயே திறக்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி வாய்க்கால் கரையில் நடக்கும்போதுதான் கேட்டான்.

"அந்தம்மா கேட்டதுக்கு நீ ஏன் ஒண்ணும் சொல்லல?"

"என்ன சொல்லணும்?"

"இல்லன்னு சொல்லியிருக்கலாம்ல."

"நீங்க சொல்லியிருக்கலாம்ல."

அந்த வாரம் முழுவதும் அவளுடைய போன் வைத்த இடத்திலிருந்து சற்றுத் தள்ளித் தள்ளிக் கிடப்பதாக அவளுக்குத் தோன்றியது. தன் மனம்தான் அப்படி நினைக்கிறதோ என்றும் இருந்தது. கேட்கப் பயந்தாள்.

மாதாமாதம் மாத்திரை வாங்கும் வரிசையில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அன்று ஈஸ்வரி நிமிர்ந்து பார்த்ததற்குக் காரணம் சிங்காரவேலு. வேப்பமரத்தடியில், குல்லா போட்ட, காலைச் சாய்த்து நடக்கும் ஒருவரின் தோளில் கை போட்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அதே தாழ்ந்த குரல், அதே தலையாட்டல். அவர் ஜீப்பில் ஏறிப் போகும்வரை தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டு அவள் அந்த மனிதரிடம் போனாள்.

"பாய், அவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார். "நீங்க எந்த ஆபீஸ்லேந்து வர்றீங்க?"

"ஆபீஸ் இல்லைங்க. என் வீட்டுக்கும் இவருதான் வந்தாரு. ஆபரேஷன்ல ரத்தம் ஏத்துனாங்க."

அவர் அவளை வெகுநேரம் அளந்தார். பெயர் மூஸா, கூத்தாநல்லூர், லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர் என்பதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது. வண்டி கவிழ்ந்து தொடை எலும்பு முறிந்து அதே மருத்துவமனையில், அதே ஆடி மாதத்தில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள்.

"உங்க ஒருத்தருக்குத்தான்னு சொன்னாரா?" என்றார் மூஸா.

ஈஸ்வரி ஆமாம் என்று தலையாட்டினாள். மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த விசாரணைக்கு வந்து இதைச் சொல்லுங்க பாய்."

"முடியாதும்மா. எம் பொஞ்சாதிக்கு ஹாஸ்டல்ல சமையல் வேலை போட்டுத் தர்றேன்னிருக்காரு. வாயத் தொறந்தா அதுவும் போச்சு." சொல்லிவிட்டு அவர் அவளை மறுபடியும் பார்த்தார். "நீங்களே அவரு அனுப்புன ஆளா இருந்தா?"

அவர் பெயரையும் ஊரையும் தவிர எதுவும் கிடைக்காமல் வீடு திரும்பினாள். பரணிதரனிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான்.

"யாரு அந்த ஆளு? உனக்கு எத்தனை நாளாப் பழக்கம்?"

அவள் எழுந்து கொல்லைப் பக்கம் போனாள். விசாரணையில் கேட்டதை இனி அவர்கள் வந்து கேட்க வேண்டியதில்லை, கேட்பதற்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவது விசாரணையன்று அவள் எழுந்தபோது பரணிதரன் இல்லை, பைக்கும் இல்லை. மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுத் தனியாகவே பஸ் ஏறினாள். கொடுப்பதைக் கொடுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிடும் யோசனை வழியெல்லாம் வந்து வந்து போயிற்று.

அலுவலக வாசலில் பைக் நின்றது. படிக்கட்டில் மூஸா ஒவ்வொரு படியாகக் காலை இழுத்து வைத்து ஏறிக்கொண்டிருந்தார். பரணிதரன் அவருடைய முழங்கையைத் தாங்கியிருந்தான்.

மேலே தாழ்வாரத்து பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முகத்தில் புழுதி படிந்திருந்தது.

"நீ சொன்னது நெசந்தானான்னு பாக்கத்தான் போனேன்" என்றான். "பொய் சொல்ல விரும்பல."

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

அவள் அவனைப் பார்க்கவில்லை. மூஸா பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க கேட்டதுலேந்து யோசிச்சுக்கிட்டேதாம்மா இருந்தேன். அவரு சொன்னது பொய்யின்னா வேலையும் பொய்யாத்தானே இருக்கும்" என்றார்.

கதவு திறந்தது. சிங்காரவேலு சிரித்த முகமாக வெளியே வந்தார். ஈஸ்வரியைப் பார்த்தார், மூஸாவைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே இருக்க, மறுபடியும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே நாற்காலிகள் நகரும் சத்தமும், அடக்கிப் பேசும் குரல்களும் கேட்டன. பிறகு அதுவும் நின்றது.

வெகுநேரம் கழித்து டவாலி எட்டிப் பார்த்தான்.

"ஈஸ்வரி மட்டும் உள்ள வாங்க."

ஈஸ்வரி எழுந்தாள். தன் பின்னால் யார் எழுந்தார்கள், யார் முதலில் எழுந்தார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை. பாரம் மொத்தமும் போய்விட்ட அந்த நீள பெஞ்ச், குட்டையான காலில் ஒருமுறை சாய்ந்து தரையில் தட்டிற்று.