கம்ப்யூட்டர் படுக்கும் நேரம்

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வலைத்தளத்துக்கு விளம்பரம் வந்ததிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் ஒரு நாள் விடாமல் படுத்துக்கொண்டது. படுப்பதற்கும் ஒரு நேரம் காலம் வேண்டாமா? ஞாயிறு மாலை ஆறு மணி மூன்று நிமிடத்துக்குப் படுத்தது. திங்கள் காலை ஒன்பது இரண்டுக்கு. செவ்வாய் மாலை நாலு முப்பத்தொன்றுக்கு. புதன் மதியம் ஒன்று முப்பத்திரண்டுக்கு. ஜொவிட்டா இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, காபி ஆறிப்போவதுகூடத் தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மண்ணும் புரியவில்லை.

தி. நகரில், பாண்டி பஜாரை ஒட்டிய தெருவில், பாத்திரக்கடைக்கு மேல்மாடிதான் ஆபீஸ். முதலாளி சந்திரமௌலி மயிலாப்பூரில் இருபது வருடம் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டே வரன் பார்த்துக் கொடுத்தவர். தொண்ணூற்றொன்பதில் ஊரே இன்டர்நெட் பைத்தியம் பிடித்து அலைந்தபோது அவரும் ஒரு வலைத்தளம் தொடங்கினார். ஜாதகத்தைப் பதிந்து பொத்தானை அழுத்தினால் போதும். உள்ளே இருக்கும் பதினோராயிரம் ஜாதகங்களோடும் ஒப்பிட்டு, பொருந்துவதை உடனே காட்டிவிடும். அந்தப் புரோகிராமை முதல் வரியிலிருந்து எழுதியவள் ஜொவிட்டா. பள்ளிக்கூடத்து டீச்சர் வேலையை உதறிவிட்டு, சாந்தோம் வீட்டில் அம்மாவோடு பெரிய சண்டை போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தவள்.

வியாழக்கிழமை மூன்று மணி ஒரு நிமிடத்துக்கு மறுபடியும் படுத்தது. சந்திரமௌலி அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இன்னிக்கும் போயிடுத்தே? ஃபோன்ல பதில் சொல்லி மாளலை. பெங்களூர்க் கம்பெனிக்காரா ரெடிமேடா புரோகிராம் ஒண்ணு வச்சிண்டிருக்கா. சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் பாக்கறேன். சரியாகலேன்னா மொத்தத்தையும் அவா கிட்ட குடுத்துடுவேன். அப்பறம் உனக்கு இங்க வேலை இருக்காது. நேராவே சொல்லிடறேன்."

அவள் நேரே டெலிபோன் இணைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் ஸ்ரீவத்சனிடம் போனாள்.

"லைன்ல ஒரு கோளாறும் இல்ல ஜொவிட்டா" என்றான் அவன். "கும்பல்தான் பிரச்னை. ஒன்றரை மணி நேரம் ஈ காக்கா இருக்காது. திடீர்னு ஒரே நிமிஷத்துல அறுபது பேர் வந்து பொத்தானை அழுத்தறா. உன் புரோகிராம் பத்துப் பேரைத் தாங்கும். அறுபது பேருக்கும் ஒரே சமயத்துல பதினோராயிரத்தைப் புரட்டணும்னா அது என்ன பண்ணும்?"

"அது சரி. அந்த அறுபது பேரும் ஏன் ஒண்ணா வர்றாங்க? தினமும் வேற வேற நேரத்துல?"

"அதான் தெரியலை."

சாப்பாட்டு நேரமா? செவ்வாய் மாலை நாலரைக்கு யார் சாப்பிடுவார்கள்? மின்வெட்டா? இல்லை. பிரவுசிங் சென்டர்களில் ஏதாவது கட்டணச் சலுகையா? அடையாறில் ஒரு சென்டருக்கு போன் போட்டாள். அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டார்கள். யாராவது வேண்டுமென்றே செய்கிறார்களோ என்றுகூடச் சந்தேகம் வந்தது.

வெள்ளிக்கிழமை பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு அவள் தண்ணீர் குடிக்க எழுந்தாள். தபாலில் வரும் ஜாதகங்களைப் பதிகிற கோமளம் மாமி, ஒரு ஜாதகத்தை முழுதாக அடித்து முடித்துவிட்டு, பொத்தானை அழுத்தாமல் கைகட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் மாமி, முடிச்சிட்டீங்களே? அனுப்ப வேண்டியதுதானே?"

"இன்னும் எட்டு நிமிஷம் இருக்கே."

"எதுக்கு எட்டு நிமிஷம்?"

"ராகு காலம் முடியட்டும்டி. கல்யாணக் காரியம், ராகு காலத்துலயா கொண்டுபோய்ப் பதியறது?"

ஜொவிட்டாவின் கையில் தம்ளர் அப்படியே நின்றது. ராகு காலம் என்று ஒன்று உண்டு என்பது அவளுக்கும் தெரியும். சென்னையில் பிறந்த யாருக்குத்தான் தெரியாது? எந்தக் கிழமைக்கு எந்த மணி என்பதுதான் தெரியாது. அவர்கள் வீட்டுக் காலண்டரில் புனிதர்களின் திருநாள் போட்டிருக்கும், ராகு காலம் போட்டிருக்காது. ஓடிப்போய்ச் சுவரிலிருந்த தாளைப் பிய்த்துக்கொண்டு வந்தாள்.

"திங்கள்?"

"ஏழரை ஒம்போது."

"செவ்வாய்?"

"மூணு நாலரை. புதன் பன்னண்டு ஒண்ணரை. வியாழன் ஒண்ணரை மூணு." மாமி எதையும் பார்க்காமலே ஒப்பித்தாள்.

"மாமி, இந்தத் தாள் உங்க தலைக்கு மேலதானே தொங்கிட்டு இருந்துச்சு!"

"பாத்தேனே. மெஷின் படுத்த நேரம்னு எழுதியிருந்தே. மெஷினைப் பத்தி நேக்கென்ன தெரியும்?"

பன்னிரண்டு அடித்தது. மாமி பொத்தானை அழுத்தினாள். ஊரெல்லாம் அழுத்தியிருக்க வேண்டும். கம்ப்யூட்டர் படுத்தது. ஜொவிட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே அழுகையும் வந்தது. இத்தனை பேருக்கும் தெரிந்த ஒன்று தனக்கு மட்டும் தெரியாமல் போய்விட்டதே என்று தன் மேலேயே ஆத்திரமாக இருந்தது. சந்திரமௌலியிடம் சொல்ல ஓடினாள். அவர் அவசரமாக வெளியே கிளம்பிப் போய்விட்டிருந்தார். அன்று திரும்பி வரவே இல்லை.

வழி ரொம்பச் சுலபமாகத்தான் இருந்தது. ராகு காலத்தை நகர்த்த முடியாது. ஜனங்களையும் மாற்ற முடியாது. வருகிற ஜாதகங்களை ரேஷன் கடை மாதிரி வரிசையில் நிற்க வைக்கலாம். அழுத்தியவுடன், அழுத்திய நேரத்தைக் குறித்துக்கொண்டு, 'உங்கள் ஜாதகம் பதிவாகிவிட்டது, சற்று நேரத்தில் பொருத்தம் வரும்' என்று சொல்லி அனுப்பிவிட வேண்டும். பொருத்தம் பார்ப்பதை ஒவ்வொன்றாகப் பிறகு செய்துகொள்ளலாம். சாயங்காலத்துக்குள் எழுதி முடித்தாள்.

சனிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கு முடிகிறது. பத்து இருபத்தைந்துக்கே ஸ்ரீவத்சனும் மாமியும் அவள் பின்னால் வந்து நின்றார்கள். பத்தரை ஆயிற்று. வரிசையில் பன்னிரண்டு பேர். பிறகு நாற்பது. பிறகு எழுபத்து மூன்று. ஜொவிட்டா மூச்சு விடவில்லை. எழுபத்திரண்டு. எழுபத்தொன்று. ஜாதகங்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. பத்து ஐம்பத்தைந்துக்கு வரிசை காலி.

"மாமி, படுக்கவே இல்ல!" என்று கத்தினாள்.

சத்தம் கேட்டுச் சந்திரமௌலி அறையிலிருந்து வந்தார். அவள் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது. பிறகு என்னமோ போல் ஆயிற்று.

"அட ராமா, ராகு காலமா! நேக்குத் தோணவே இல்லையேம்மா" என்றார். "நேத்திக்கு இதைச் சொல்லியிருக்கப்படாதோ?"

"சொல்ல வந்தேன் சார். நீங்க இல்ல. அதான் இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் டைம் குடுத்திருந்தீங்களே?"

"குடுத்தேன்தான். ஆனா இன்னிக்குச் சனிக்கிழமையா, புதுசா எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன். நேத்திப் பன்னண்டுக்கும் படுத்துடுத்தோல்லியோ... அப்பவே கிளம்பிப் போய்ப் பெங்களூர்க்காராளுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்."

 

"அப்போ நான் சார்?"

சந்திரமௌலி கம்ப்யூட்டரைப் பார்த்தார். அது ஓடிக்கொண்டிருந்தது.

"திங்கக்கிழமை வாம்மா, பேசலாம்" என்றார். "ஒம்போது மணிக்கு மேல வா."

ஒன்பது மணி எதற்கென்று அவளுக்கு இப்போது தெரியும். தனக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்பதுதான் தெரியவில்லை.