மம்மா சம்மதித்துவிட்டார்

என் மனைவியின் போனைத் திறக்கும் இலக்கம் எனக்குத் தெரியாமல் இருந்தது. அவள் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. போன் அலுமாரியின் மேல், மடு மாதா படத்துக்குப் பக்கத்தில் இருக்கும். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அதைச் சார்ஜில் போடுவேன். ஒருபோதும் அது முழுதாகத் தீர்ந்துபோனதில்லை. நல்ல பற்றரி என்று நினைத்திருந்தேன்.

அதற்குள் எனக்கு ஒரு செய்தி இருந்தது. கடைசி வாரத்தில் ஒக்சிசன் மாஸ்க்கை விலக்கிவிட்டு அமலினி சொன்னாள்: "போனிலை உங்களுக்குக் கதைச்சு வைச்சிருக்கிறன். பிறகு ஆறுதலாய்க் கேளுங்கோ." நான் இலக்கத்தைக் கேட்கவில்லை. கேட்டால், அவள் போகப்போகிறாள் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அடக்கம் முடிந்த பிறகு அந்தப் போனோடு உட்கார்ந்தேன். மகன் றொஜர் பக்கத்தில் இருந்தான். அவளுடைய பிறந்தநாள், எங்கள் கலியாண நாள், அவனுடைய பிறந்தநாள் எல்லாம் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை.

"ஓகஸ்ட் பதினைஞ்சை அடிச்சுப் பாருங்கோ, பப்பா," என்றான் றொஜர். "மடுத் திருநாள். அம்மாவுக்குப் பிடிக்குமெல்லோ."

அடித்தேன். பிழை. போன் தன்னைத்தானே பூட்டிக்கொண்டது.

இத்தாலியில் நாங்கள் இருக்கும் நகரத்தின் பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பக்கத்தில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் கஜானனிடம் கொண்டுபோனேன். றொஜரும் வந்தான்.

"உடைச்சுத் திறக்கலாம் அண்ணை. ஆனா உள்ளுக்கை ஒண்டும் மிஞ்சாது," என்றான் கஜானன். "இன்னும் பிழையாய் அடிச்சியளெண்டால் அதுவே எல்லாத்தையும் அழிச்சுப்போடும்."

"வேறை வழி இல்லையோ?"

"வழியோ? பொம்பிளையள் மனுசனுக்கு நம்பர் சொல்லுறேல்லை அண்ணை. என்ரை ஆளும் அப்பிடித்தான். நான் கிட்டப் போனாலே போனைக் கவிட்டு வைச்சிடுவா." சிரித்தான். பிறகு நினைவு வந்து நாக்கைக் கடித்தான். "குறை நினையாதேங்கோ, என்ன?"

திரும்பி வரும்போது றொஜர் என் கையைப் பிடித்துக்கொண்டான். "இனி அடிக்காதேங்கோ பப்பா. எல்லாம் அழிஞ்சிடும்." தெருவிலேயே அவனை அணைத்துக்கொண்டேன். அந்தப் போனைக் காவல் காக்க என்னோடு இன்னொருவன் இருக்கிறான் என்று நினைத்தேன்.

நவம்பரில் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். அவன் ஸ்கூலா மேதியாவுக்கு, அதாவது ஆறாம் வகுப்புக்கு, அந்த வருடம்தான் போயிருந்தான். வகுப்பாசிரியை, புரொபெஸொரெஸ்ஸா, இளம் பெண். மேசையில் தலை வைத்துத் தூங்குகிறான் என்றார். இடைவேளையில் வெளியே போவதில்லை. பந்து விளையாடக் கூப்பிட்ட பையன்கள் இப்போது கூப்பிடுவதில்லை. பேர் சொன்னால் திடுக்கிட்டு விழிக்கிறான்.

"கோபப்படுவதுமில்லை, அழுவதுமில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது, சிஞ்ஞோர் விமலராஜ். வீட்டில் எவ்வளவு நேரம் கேம் விளையாடுகிறான்?"

"ஒரு மணித்தியாலம். டப்லெட்டில் பூட்டு இருக்கிறது. அவனுடைய அம்மா போட்டது. நேரம் முடிந்தால் நின்றுவிடும். அதற்குமேல் வேண்டுமென்றால் அவளுடைய போனிலிருந்துதான் சம்மதம் கொடுக்க வேண்டும்."

"அப்படியானால் நான் அவரோடுதான் பேச வேண்டும். பின்னேரம் முழுக்க விளையாடுவதாகச் சொல்கிறான். யார் விடுவது என்று கேட்டேன். மம்மா என்றான்."

"அவள் இறந்துவிட்டாள், சிஞ்ஞோரா."

அவருக்கு முகம் சிவந்தது. யாரும் சொல்லவில்லை என்று திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, பள்ளிக்கூடத்துக்கு வரும் மனநல ஆலோசகரிடம் அவனைக் காட்டலாமா என்றார்.

சரி என்றேன். இறந்துபோன தாய் தன்னை விளையாட விடுகிறாள் என்று சொல்லும் பிள்ளை. அவனுக்கு மனம் சரியில்லை என்றுதான் நானும் நினைத்தேன். அப்படி நினைத்தபோது அவன்மேல் இரக்கமாக இருந்தது.

நான் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளும் கிழவி பொலித்தியாமா தியேட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறார். அன்று வர முடியாது என்று அவருடைய மகளுக்குச் சொல்லிவிட்டு, எங்கள் வீடு இருக்கும் போர்கோ வெக்கியோவுக்கு நடந்தேன். சந்தியில் றொஜருக்கு ஒரு அரன்சீனா, பொரித்த சோற்றுருண்டை, வாங்கினேன், சுடச்சுட.

கதவைத் திறந்தேன். அறையில் அவன் இல்லை. டப்லெட் கட்டிலில் கிடந்தது. திரை சாம்பல் நிறமாக இருந்தது. நடுவில் இத்தாலிய மொழியில் இரண்டு வரிகள்: நேரம் முடிந்தது. மம்மாவிடம் கேட்கப்பட்டிருக்கிறது.

பார்த்துக்கொண்டு நிற்கும்போதே எழுத்து மாறியது. மம்மா சம்மதித்துவிட்டார். இரண்டு மணித்தியாலம்.

ஒரு கணம் நான் அதை நம்பினேன். அந்தக் கணத்துக்காகத்தான் அவனை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

குசினியிலிருந்து றொஜர் வந்தான். அவன் கையில் அமலினியின் போன். அதில் வெளிச்சம் இருந்தது.

"பப்பா? வேலைக்குப் போகேல்லையோ?"

"நம்பர் எப்ப தொடக்கம் தெரியும்?"

போனைப் பார்த்தான். ஒளிக்க இடமில்லை.

"அம்மா ஒஸ்பெதாலேக் கட்டிலிலை கிடக்கேக்கை. எனக்கு அலுப்படிக்குதெண்டு அம்மா விளையாடத் தந்தவ. அப்ப சொன்னவ."

"என்னட்டைச் சொல்லவேண்டாமெண்டு சொன்னவவோ?"

"இல்லை."

"நான் நம்பர் தேடேக்கை நீ பக்கத்திலைதானே இருந்தனி? மடுத் திருநாளை அடிக்கச் சொன்னது ஆர்?"

போனை மற்றக் கைக்கு மாற்றினான்.

"கேக்கிறன், றொஜர்."

"உங்களுக்கு நம்பர் தெரிஞ்சால் விடமாட்டியள்," என்றான். "பிறகு நீங்கள்தான் ஓம், இல்லை எண்டு சொல்லுவியள். அம்மா இல்லை."

"ஒரு கேமுக்காகவோடா?"

"கேமுக்கு மட்டுமில்லை." மூக்கை உறிஞ்சினான். "கேட்டவுடனை மம்மா சம்மதிச்சிட்டா எண்டு வரும். ஒவ்வொரு நாளும் வரும், பப்பா."

அது உண்மையா, சாட்டா, எனக்குத் தெரியவில்லை. கேட்பதும் அவன், சம்மதிப்பதும் அவன். என் பக்கத்தில் இருந்துகொண்டு பிழையான இலக்கம் சொல்லித் தந்து என்னைப் பேய்க்காட்டியவன், எல்லாம் அழிந்துவிடும் என்று என் கையைப் பிடித்தவன். பற்றரி தீராமல் பார்த்துக்கொண்டதும் அவன்தான்.

"அம்மா எனக்குக் கதைச்சு வைச்சதையும் கேட்டனியோ?"

"ஓம்."

"எத்தினை தரம்?"

"கனதரம்."

கையை நீட்டினேன். போனைத் தந்தான், இலக்கத்தையும் சொன்னான். எங்கள் வாழ்க்கையில் எதோடும் சம்பந்தமில்லாத நாலு இலக்கங்கள்.

குசினிக்குப் போய்க் கதவைச் சாத்தி, அரன்சீனாவை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். போனைத் திறந்ததும் அந்த டப்லெட் பூட்டின் திரைதான் வந்தது. இரண்டு மணித்தியாலத்தை ரத்துச் செய்தேன். பிறகு பதிவைத் தேடிப் போட்டேன்.

"இஞ்சாருங்கோ, கேக்குதோ? றொஜருக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேலை குடுக்கவேண்டாம். முந்தியே அதிலை சரியான பைத்தியம். நான் இல்லையெண்டால் இன்னும் கூடும். கெஞ்சுவான். கட்டிப்பிடிப்பான். உங்களைப் பேய்க்காட்டுவான். இரங்கிப்போடாதேங்கோ. வெளியிலை கூட்டிக்கொண்டு போங்கோ, பெடியளோடை விளையாட விடுங்கோ. போன வருசத்து ஜக்கெற் இனி அவனுக்குக் காணாது..." இருமல். ஒரு தாதியின் குரல். முடிந்துவிட்டது.

மறுபடி கேட்டேன். முழுக்க அவனைப் பற்றித்தான். என்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஒரு வருடம் நான் காத்திருந்த செய்தியில் நான் இல்லை.

கையில் போன் அதிர்ந்தது. றொஜர் கேட்கிறார்: இன்னும் பதினைந்து நிமிடம்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துதான் கேட்டான். பிடிபட்ட பிறகும் கேட்டான். திரையில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. நான் 'இல்லை' என்பதை அழுத்தினேன்.

பிறகு கதவு திறந்தது. டப்லெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான்.

"மம்மா மறுத்திட்டா எண்டு வருது," என்றான். "ஒருநாளும் அப்பிடி வாறேல்லை."

போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தேன்.

"நீங்கள்தானே அடிச்சது? பப்பா? நீங்கள்தானே?"

"அம்மாதான்," என்றேன்.

"பொய். பொய் சொல்லாதேங்கோ, பப்பா."

நிலத்தில் இருந்துவிட்டான். அடக்கத்தன்று அழாத பிள்ளை, வாயைத் திறந்து அழுதான். அரன்சீனா மேசையில் ஆறிக் கிடந்தது. நான் எழும்பவில்லை. பதிவை இன்னொரு தரம் போட்டு, சத்தத்தைக் கூட்டி, போனை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தேன்.

"கெஞ்சுவான்," என்றாள் அமலினி. "கட்டிப்பிடிப்பான். உங்களைப் பேய்க்காட்டுவான். இரங்கிப்போடாதேங்கோ."