சைவ வீட்டு ஆர்க்கிட்

பிரிக்பீல்ட்ஸ் மலர்க் கழகத்தின் தலைவர் திரு. சண்முகரத்தினத்துக்குப் பூ என்றால் உயிர். எந்தப் பூ என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. அரசாங்கத்தில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டி, தலைமைக் கிளார்க்காக ஓய்வு பெற்றவர். கடிதம் என்றால் மூன்று பிரதி, கூட்டம் என்றால் அறிக்கை, அறிக்கை என்றால் அடுத்த கூட்டத்தில் அதற்கொரு திருத்தம். இவ்வளவு திறமையும் ஓய்வுக்குப் பிறகு வீட்டுக்குள்ளேயே பாயுமோ என்று அவர் மனைவி பூரணம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான், 1970இல், மலர்க் கழகம் பிறந்தது. பூரணம் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். அது அவசரப்பட்டு உடைத்த தேங்காய் என்று பிறகு தெரிந்தது.

கழகம் வருஷத்துக்கு ஒரு மலர்க் கண்காட்சி நடத்தும். மிகச் சிறந்த செடிக்கு வெள்ளி முலாம் பூசிய சுழற்கோப்பை. 1970 முதல் 1978 வரை ஒன்பது முறையும் அந்தக் கோப்பை சுழலவே இல்லை. சண்முகரத்தினம் வீட்டுக் கண்ணாடி அலமாரியிலேயே குடியிருந்தது. ஒன்பது முறையும் ஜெயித்தவை ஒரே கொல்லையில் வளர்ந்த வண்டா ஆர்க்கிட் செடிகள். விடியற்காலையில் எழுந்து அவற்றுக்குத் தண்ணீர் விட்டவள், பூச்சி பொறுக்கியவள், வெயிலுக்கும் மழைக்கும் தொட்டியைத் தூக்கி இறக்கியவள் பூரணம். எட்டு மணிக்குப் பத்திரிகையும் கையுமாக வந்து, கோப்பில் கையெழுத்துப் போடுகிற முகத்தோடு "வடிவாத்தான் இருக்கு" என்று சொன்னவர் சண்முகரத்தினம். கோப்பையில் யார் பெயரை வெட்டுவது என்பதில் கழகத்துக்கு ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை.

கண்காட்சிக்கு முந்தின நாள் கோப்பையைத் திருநீறு போட்டுத் துலக்குவது பூரணத்தின் வேலை. ஒன்பது வருஷமாகப் புருஷன் பெயரைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைத்திருக்கிறாள். அதுவரை அவளுக்கு ஒன்றும் தோன்றியதில்லை. போன வருஷ நன்றியுரையில்தான் உறைத்தது. ஒலிபெருக்கிக்காரருக்கு நன்றி, தேநீர்த் துணைக்குழுவுக்கு நன்றி, அன்று பெய்யாமல் இருந்த மழைக்குக்கூட நன்றி. அவ்வளவுதான், உரை முடிந்துவிட்டது. அன்று வந்தது அந்த ஆசை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தக் கோப்பையில் தன் பெயர் இருக்க வேண்டும்.

1979ஆம் வருஷத்து விண்ணப்பப் பாரம் மேசைக்கு வந்தபோது கேட்டே விட்டாள்.

"இஞ்சேருங்கோ, இந்த முறை பாரத்தில என்ர பேரைப் போடுங்கோவன்."

சண்முகரத்தினம் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உமக்கென்ன விசரோ? ஒரு வீட்டுக்கு ஒரு பாரம். குடும்பத் தலைவர் பேரில. விதி நாலு."

"விதியை எழுதினது ஆர்?"

"கமிட்டி."

"கமிட்டிக்கு எழுதிக் குடுத்தது ஆர்?"

"நீர் தேத்தண்ணியைப் போடும்" என்றார் குடும்பத் தலைவர்.

அந்த வருஷம் அவருக்கு வேறொரு தலைவலி. ரயில்வே குவாட்டர்ஸில் இருக்கும் பக்கிரிசாமி, இஞ்சின் பட்டறையில் வேலை பார்க்கிறவர், போன கண்காட்சியில் இரண்டாம் பரிசு வாங்கிவிட்டார். எண்ணெய்க் கையால் ஆர்க்கிட் வளர்க்க முடியும் என்பதைத் தலைவரின் மனம் ஏற்கவில்லை. எங்கேயோ நர்சரியில் வாங்கி வந்து வைக்கிறான் என்று முடிவு கட்டினார். முடிவு கட்டியபின் அதற்கொரு விதி வேண்டுமல்லவா? நான்கு கூட்டம் கூட்டி, விதி பதினேழு எழுதப்பட்டது. செடியை வைப்பவர் தாமே அதை வளர்த்தவராக இருக்க வேண்டும். நடுவர் கேட்கும் கேள்விகளுக்குப் பொதுமக்கள் முன்னிலையில் தாமே பதில் சொல்ல வேண்டும். பரிசு வளர்த்தவர் பெயருக்கே உரியது.

"என்னா சார், என்னிய புடிக்கத்தானே இது?" என்று பக்கிரிசாமி கூட்டத்தில் எழுந்து கேட்டார்.

"விதி எல்லாருக்கும் பொது" என்றார் தலைவர். அந்த வாக்கியத்தை அறிக்கையிலும் ஏற்றச் சொன்னார்.

பக்கிரிசாமியின் செடி எங்கிருந்து வந்தது என்று தலைவருக்குத் தெரிந்திருந்தால் விதி பதினேழு பிறந்தே இருக்காது. அது அவர் வீட்டுக் கொல்லையிலிருந்துதான் போயிற்று. பின் சந்து வேலிக்கு மேலாகப் பூரணம் பக்கிரிசாமியின் மனைவி லெட்சுமிக்குப் பதியன் கொடுப்பாள். லெட்சுமி பதிலுக்கு ஒரு பழைய மைலோ பானப்பொடி டின் கொடுப்பாள். டின்னுக்குள் இருப்பதுதான் விஷயம். மீன் கழுவிய தண்ணீர்.

அதை மூடி வைத்துப் புளிக்கவிட்டு, தண்ணீர் கலந்து வேருக்கு ஊற்றினால் வண்டா வெறிபிடித்ததுபோல் பூக்கும். பூரணம் இதைக் கண்டுபிடித்தது 1969இல். சிக்கல் என்னவென்றால், சண்முகரத்தினம் மலர்க் கழகத்துக்கு மட்டும் தலைவர் அல்ல, அங்குள்ள சைவ சபைக்கும் அவரே தலைவர். முட்டை போட்ட கேக் வந்த தட்டைக்கூடத் தனியாகக் கழுவச் சொல்கிற வீடு. பாசார்ச் சந்தையில் மீன் விற்கும் சீனத் தௌக்கே பக்கம் பூரணம் திரும்பிப் பார்த்தாலே சபைக்குத் தந்தி போய்விடும். அதனால் பின் சந்து, அதனால் மைலோ டின்.

வாடை வரத்தான் செய்தது. சண்முகரத்தினத்துக்கு மூக்கு நல்ல கூர்மை. ரயில்வே குவாட்டர்ஸ்காரர்கள் மீன் கழிவைச் சந்தில் கொட்டுகிறார்கள் என்று இதுவரை மூன்று புகார்க் கடிதம் எழுதியிருந்தார், ஒவ்வொன்றும் மூன்று பிரதி.

"ஏக்கா, ஒங்க வூட்டுக்காரரு மறுபடியும் லெட்டர் போட்டிருக்காரு லா" என்று லெட்சுமி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சிரிப்பாள். "நாத்தம் தாங்கலையாம்."

"அவருக்கு எழுத வேறை விஷயம் இல்லை, லெட்சுமி. நீ டின்னைத் தா."

ஆகஸ்டு மாதம் இரண்டாம் ஞாயிறு. கண்காட்சி சைவ சபை மண்டபத்தில். டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பிரமுகரைக் கூப்பிட்டு ரிப்பன் வெட்ட வைத்தார்கள். அவர் வெட்டிய கையோடு இன்னொரு ரிப்பன் வெட்டக் கிளம்பிவிட்டார். வரவேற்புத் துணைக்குழு ஒருபுறம், மேசைவிரிப்புத் துணைக்குழு ஒருபுறம், எந்தத் துணைக்குழுவிலும் இடம் கிடைக்காதவர்களுக்கென்று ஒழுங்குத் துணைக்குழு. ஒழுங்கைக் காப்பதற்காக அவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். பெண்கள் பின்னால் வடை சுட்டுக்கொண்டிருந்தார்கள். பூரணமும் அங்கேதான் இருந்தாள், கையில் கரண்டியோடு.

நடுவராக வந்தவள் தனலெட்சுமி என்ற பெண். விவசாயம் படித்துப் பட்டம் வாங்கியவள், ஷா ஆலமில் அரசாங்க வேலை. முப்பது வயதுகூட இராது. விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு வந்திருந்தாள். கழக வரலாற்றில் இது முதல்முறை.

முதலில் பக்கிரிசாமியின் செடி. தலைவர் முன்வரிசையில் உட்கார்ந்து, பிடிபடப் போகிறவனைப் பார்க்கும் ஆவலில் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். தனலெட்சுமி எட்டுக் கேள்வி கேட்டாள். பக்கிரிசாமி எட்டுக்கும் பதில் சொன்னார். மீன் தண்ணீரைப் பற்றியும் கூச்சமில்லாமல் சொன்னார். அவர் வீட்டில் மீன் இல்லாத நாள்தான் விசேஷம். தலைவர் நாற்காலி நுனியிலிருந்து மறுபடி பின்னுக்குச் சாய்ந்துகொண்டார்.

அடுத்தது தலைவரின் வண்டா. ஒரே தண்டில் பதினெட்டுப் பூ. மண்டபமே வாய் பிளந்தது. பூரணம் கரண்டியை வைத்துவிட்டு சமையற்கட்டு வாசற்படிக்கு வந்து நின்றாள்.

"அங்கிள், இதுக்கு என்ன ஒரம் போடுறீங்க?" என்று கேட்டாள் தனலெட்சுமி.

சண்முகரத்தினம் தொண்டையைச் செருமினார். "பசுஞ்சாணி. சுத்தமான பசுஞ்சாணி."

"சாணியா? கரியிலயும் செங்கல் துண்டுலயும் நிக்கிற செடிக்கு சாணிய எங்க போடுவீங்க அங்கிள்? வேர் அழுகிப் போய்டுமே."

"குறைச்சுத்தான் போடுறது" என்றார் தலைவர்.

தனலெட்சுமி குனிந்து, பேனா முனையால் தொட்டிக்குள் கிளறினாள். கரித்துண்டுகளுக்கு நடுவிலிருந்து எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அது மினுங்கியது. மீன் செதில்.

"மீன் தண்ணி ஊத்துறீங்க, இல்லியா?" அவள் பாராட்டித்தான் கேட்டாள். "அதான் இவ்ளோ நல்லா வேர் விட்டிருக்கு. எத்தன நாள் புளிக்க வெச்சீங்க?"

முன்வரிசையில் சைவ சபைச் செயலாளர் சபாபதி மெல்ல மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். அடுத்த மாதம் சபைத் தேர்தல். தலைவர் பதவிக்கு அவருக்கும் ஒரு கண்.

சண்முகரத்தினத்துக்கு முப்பத்திரண்டு வருஷ அனுபவம் அந்த நேரத்தில் கைகொடுத்தது. அலுவலகத்தில் பிழை வெளிப்பட்டால் என்ன செய்வது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பிழையைக் கீழே உள்ளவர் தலையில் இறக்க வேண்டும்.

"அது என்ர செடி இல்லை" என்றார் உரத்த குரலில். "என்ர மனிசியின்ர செடி. அவ என்னத்தை ஊத்துறா எண்டு எனக்குத் தெரியாது. நான் அந்தப் பக்கமே போறதில்லை."

அத்தனை தலையும் வாசற்படிப் பக்கம் திரும்பின. பூரணத்துக்கு முதலில் பயத்தில் அடுப்படிக்கே திரும்பிவிடத் தோன்றியது. இல்லை, எனக்குத் தெரியாது, பக்கத்து வீட்டுப் பூனை ஏதாவது கொண்டுவந்து போட்டிருக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மானம் தப்பும், நாளைக்கும் சபையில் தலைநிமிர்ந்து நடக்கலாம். ஆனால் புருஷன் சொன்னதில் பாதி அவள் காதில் விழவில்லை. 'என்ர மனிசியின்ர செடி' என்றது மட்டும் விழுந்தது. ஒன்பது வருஷத்தில் அந்த வாய் சொன்ன முதல் உண்மை அது.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள்.

"மூண்டு கிழமை, பிள்ளை, இருபத்தொரு நாள்" என்றாள். "மூடி இறுக்கமாய் இருக்கவேணும். ஒரு பங்குக்கு இருபது பங்கு தண்ணி. வெயில் ஏற முந்தி, வேரில மட்டும். பூவில பட்டால் கருகிப்போம்."

"பூச்சிக்கு?"

"புகையிலைத் தண்ணி."

கேள்வி கேட்கக் கேட்கப் பூரணத்துக்குப் பயம் போய்விட்டது. கேட்காததற்கும் பதில் சொன்னாள். எந்தச் செடி எந்த வருஷம் எத்தனை பூ விட்டது, எந்தச் செடி கோபித்துக்கொண்டு ஒரு வருஷம் பூக்காமல் இருந்தது, எல்லாம் சொன்னாள். பின்வரிசையில் லெட்சுமி கை தட்ட, பக்கிரிசாமி அவளைப் பிடித்து உட்கார வைத்தார். அந்த மண்டபத்தில் பூரணம் அவ்வளவு நேரம் பேசியதில்லை. அவ்வளவு சந்தோஷமாகவும் இருந்ததில்லை.

தனலெட்சுமி அட்டையில் இருந்த பெயரை அடித்துவிட்டு நிமிர்ந்தாள். "ஒங்க பேரு என்ன ஆன்டி?"

கோப்பை அன்று பூரணத்தின் கைக்கு வந்தது. அதற்கான விலையும் கூடவே வந்தது. சபாபதி வீட்டம்மா பூரணம் சுட்ட வடையைத் தட்டோடு தள்ளி வைத்தாள். இருபது வருஷமாக சபைக்குப் பொங்கல் கிண்டியவளை, அடுத்த வெள்ளிக்கிழமை யாரும் கூப்பிடவில்லை. அது வலித்தது, வலிக்கவில்லை என்று அவள் யாரிடமும் பொய் சொல்லவுமில்லை. சண்முகரத்தினமோ, தமது வீட்டிலேயே தாம் ஏமாற்றப்பட்டதைச் சபையில் கண்கலங்க விளக்கினார். ஏகமனதாக மீண்டும் தலைவரானார்.

கோப்பையில் பெயர் வெட்டுவதற்கான உத்தரவை அவர் முறைப்படி எழுதி வைத்திருந்தார், மூன்று பிரதி. 'திருமதி சண்முகரத்தினம், 1979.' பூரணம் அதில் ஒரு பிரதியையும் கோப்பையையும் பையில் போட்டுக்கொண்டு, பஸ் ஏறி, செந்தூலில் பெயர் வெட்டும் தம்புசாமியின் கடைக்குத் தானே போனாள்.

தம்புசாமி சீட்டைப் படித்தார். "இப்படியே வெட்டிடவா ஆன்டி?"

"வேண்டாம் தம்பி. பூரணம் எண்டு வெட்டும்."

அவர் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எடமே இல்லையே. சுத்தியும் சாரு பேருதான் நிக்குது. ஒண்ண அழிச்சாத்தான் வெட்ட முடியும். எந்த வருசத்த அழிக்கட்டும்?"

பூரணம் கோப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். 1971. வெள்ளம் வீட்டுக்குள் வந்த வருஷம். அவர் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு ஓட, இவள் இடுப்பளவு தண்ணீரில் பதினோரு தொட்டியைச் சாப்பாட்டு மேசைமேல் ஏற்றினாள். 1974. மகள் கல்யாணம், மஞ்சள் அரைத்த கையோடு போய்த் தண்ணீர் விட்டாள். 1976. காய்ச்சலோடு பூச்சி பொறுக்கியது. எதை அழிக்கச் சொல்வது? ஒன்பதில் ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்க அவளால் முடியவில்லை.

கோப்பையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"பேர் முழுவதையும் அழிச்சுப்போட்டு என்ர பேரை வெட்டும் தம்பி. வருஷங்களைத் தொடாதேயும். வருஷம் எல்லாம் என்ர."

தம்புசாமி கருவியைக் கையில் எடுத்தார். பூரணம் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒன்பது பெயரும் அழியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.