பேர் சொல்லாத மாமா

மலை ஏறி வந்ததில் ரைட்டருக்கு முழங்கால் கெஞ்சியது. பஸ் நிற்கும் இடத்திலிருந்து நாலு மணி நேரம் ஒற்றையடிப் பாதை, முடிவில் ஒன்பது வீடு, அதற்கு மேல் காடு. பழைய வாக்குமூலத்தில் ஒரு கைநாட்டு விட்டுப்போச்சு என்று இன்ஸ்பெக்டர் துரத்தியிருந்தார். ஸ்டேஷனில் எழுதுகிறவன் தலையில்தானே எல்லாம் விடியும்.

வழக்கு சின்னது. விறகுக்குப் போன ஒருவன் மூன்று நாள் கழித்துப் பள்ளத்தில் கிடைத்தான். காயத்தைப் பார்த்துச் சொல்ல உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. கூடப் போன ஏழு வயது மகள், "மாமா அப்பாவை அடிச்சிட்டாரு" என்றாள். ரைட்டர் அவளுடைய தாய்மாமனைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"மாமாவா அடிச்சாரு?"

"ஆமாங்க."

"இவளுக்கு மாமா நீதானே?"

"ஆமாங்க."

இரண்டு ஆமாங்க போதாதா? அவனை உள்ளே தள்ளி மூன்று மாதம் ஆகிறது.

இப்போது அவனுடைய அக்கா அடுப்பங்கரையில் உட்கார்ந்து, காட்டிய இடத்தில் மறுபேச்சில்லாமல் விரலை வைத்தாள். "என் தம்பிய எப்பங்க விடுவீங்க?" என்று மட்டும் கேட்டாள். ரைட்டர் வாக்குமூலத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

வாசலில் மகள் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "உள்ள வாடி, மாமா இறங்குற நேரம்!" என்று தாய் சத்தம் போட்டாள்.

"உன் தம்பிதான் ஜெயில்ல இருக்கானே?"

"அவன் இல்லைங்க. காட்டு மாமா. கறுப்பா, உடம்பெல்லாம் முடி, எழுந்து நின்னா ஆள் உசரம். பேரைச் சொன்னா கூப்பிட்டோம்னு வந்துடும். இங்க யாரும் சொல்ல மாட்டோம்."

அடப்பாவி, என்ன காரியம் பண்ணித் தொலைச்சேன் என்று ரைட்டர் தன்னையே திட்டிக்கொண்டார்.

"ஸ்டேஷன்லயாவது அவன் சொல்லியிருக்கலாமேம்மா!"

"நானும் பிள்ளையும் இங்க தனியா இருக்கோமே. அவன் அங்க பேரைச் சொன்னா அது இங்கல்ல வரும், எப்படிங்க சொல்லுவான்?"

"அப்ப நீ சொல்லு. ஒரே ஒரு தடவை. புதுசா எழுதிக்கிறேன், தம்பி வந்துடுவான்."

அவள் கதவைப் பார்த்தாள். தாழ்ப்பாள் இல்லை, கயிறு போட்டுக் கட்டுகிற கதவு. மகளை மடியில் இழுத்துப் போட்டு அவள் காதுகளைப் பொத்தினாள்.

"கரடி" என்றாள். "என் புருஷனைக் கொன்னது கரடி."

காதில் விழுந்த பக்கத்து வீட்டுக்காரி படாரென்று கதவைச் சாத்திக்கொண்டாள். இனி அந்த ஊரில் இவளோடு யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். ரைட்டர் எழுதி, விரலைப் பிடித்து வைத்து, மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு விழுந்தடித்து இறங்கினார்.

"தப்பு என்னோடது சார்" என்று மறுநாள் இன்ஸ்பெக்டர் முன்னால் காகிதத்தை நீட்டினார். வேலை போனால் போகட்டும் என்று துணிந்துதான் வந்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "யோவ், மூணு மாசம் கழிச்சு அக்காக்காரி தம்பிக்காகக் கரடி விடுறா. நீயும் நம்பிட்டு வந்து நிக்கிற!"

ஸ்டேஷனே சிரித்தது.

"நிஜக் கரடி சார்!" என்றார் ரைட்டர். அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவருக்கு. சிரிப்பு இன்னும் கூடியது.

இன்ஸ்பெக்டர் புதுக் காகிதத்தைக் கிழித்தார். பழையதில் கைநாட்டு விழுந்திருக்கிறதா என்று பார்த்தார், விழுந்திருந்தது. கோப்பு அன்று மாலையே கோர்ட்டுக்குப் போனது.