பதினேழு பேர் பார்த்த எடை

"மூச்சை வெளிய விட்டுட்டு ஏறுடி. உள்ள இழுத்து வச்சா அதையும் சேர்த்துக் காட்டிடப் போகுது," என்றாள் அம்மா.

"காத்துக்கு ஏதும்மா எடை?"

"வாயை மூடு. தோட்டையும் கழட்டு."

தோடு கழன்றது. கொண்டை ஊசிகளைக்கூட அப்பா பயபக்தியோடு உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். மகள் எடைக்கருவியின் மேல் ஏறி நின்றாள். உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி, "எழுபத்தொன்று புள்ளி நான்கு" என்றது. மறுநொடி வீட்டிலிருந்த மூன்று போன்களும் ஒன்றாகக் கூவின. பதினேழு பேருக்குச் செய்தி போய்விட்டது.

"நேத்தைவிட இருநூறு கிராம் கூட!" அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "இனி சம்பந்தி வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

மகள் லிஃப்ட் பழுதுபார்ப்பவள். லிஃப்ட் ஓடாத இடத்துக்குத்தான் அவளைக் கூப்பிடுவார்கள்; ஆகவே ஒன்பது மாடியானாலும் கருவிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறித்தான் போகவேண்டும். முழங்கால் லேசாக வலித்ததால், ஐந்து கிலோ குறைத்தால் நல்லது என்று டாக்டர் சொன்னார். கூட வேலை பார்க்கும் இரண்டு பெண்களோடு சேர்ந்து போனில் ஒரு செயலியை இறக்கிக்கொண்டாள். யார் எத்தனை அடி நடந்தார்கள், யார் திருட்டுத்தனமாகக் கேக் தின்றார்கள் என்று மூவரும் ஒருவரையொருவர் கிண்டலடித்ததிலேயே இரண்டு மாதத்தில் அவள் மூன்று கிலோ குறைந்தாள். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

அப்புறம்தான் வரன் வந்தது. பையன் வங்கி அதிகாரி. எல்லாம் பிடித்திருந்தது, எடையைத் தவிர. "அறுபத்திரண்டுக்கு வரட்டும், தேதி குறிச்சுக்கலாம்," என்றாள் பையனின் அக்கா. வெறும் வாயால் சொல்லவில்லை. பேசும் எடைக்கருவி ஒன்றைப் பரிசாகவே அனுப்பினாள். செயலியில் புதுக்குழு ஒன்றை மகளையே தொடங்கச் சொல்லி, இரு வீட்டாரிலும் பதினேழு பேரை உள்ளே இழுத்துப் போட்டாள். கருவி சொல்லும் எடை நேராக அங்கே போய் விழும்.

அன்றிலிருந்து எடை நகரவில்லை. சித்தப்பா அழுமூஞ்சி படம் அனுப்புவார். மாமா, "கேரட் மட்டும் சாப்பிடு" என்பார். ஒருமுறைகூடப் பார்த்திராத யாரோ ஒரு பெரியப்பா, "தண்ணியையும் குறை" என்று எழுதினார்.

இன்றைக்கு அந்த இருநூறு கிராமுக்குப் பையனே குரல்பதிவு அனுப்பியிருந்தான். "கொஞ்சம் மனக்கட்டுப்பாடு வேணும்." பின்னணியில் மொறுமொறுவென்று எதையோ மெல்லும் சத்தம்.

மகள் அதை இரண்டுமுறை கேட்டாள். பிறகு செயலியின் அமைப்புகளுக்குள் போனாள். 'உறுப்பினர் அனைவரின் நடையையும் காட்டு' என்று ஒரு பொத்தான். அமுக்கினாள். பதினேழு பேருக்கும் அனுமதி கேட்டுச் செய்தி போனது. வருகிற எதையும் படிக்காமல் 'சம்மதம்' தட்டுவதுதானே உலக வழக்கம்? பதினேழு பேரும் தட்டினார்கள்.

மாலையில் பட்டியல் வந்தது. மகள்: 14,206 அடி. மாப்பிள்ளை: 318. கூடவே செயலி தானாக மாப்பிள்ளைக்கு ஒரு செய்தி போட்டது: "தாங்கள் படுத்த படுக்கையாக இருக்கிறீர்களா? விரைவில் குணமடைய வாழ்த்துகள்!"

குழு கலகலத்தது. "மாப்பிள்ளைக்கு என்ன ஆச்சு?" என்று பதறினார் சித்தப்பா. "எந்த ஆஸ்பத்திரி?" என்றார் மாமா. "முதல்லயே சொல்லியிருக்கலாம், நோயை மறைக்கிறது தப்பு," என்றார் பெரியப்பா.

அரைமணி நேரத்தில் பையனின் அக்கா போனில் வந்தாள். "ஆம்பளை எத்தனை அடி நடக்கிறான்னு எந்த ஊர்லயாவது எண்ணுவாங்களா? என் தம்பிக்கு எவ்ளோ அவமானம்!"

"நான் எத்தனை கிலோன்னு பதினேழு பேர் எண்ணுறீங்களே அக்கா?"

"அதுவும் இதுவும் ஒண்ணா? குழுவுல மன்னிப்புக் கேட்டு எழுது. இல்லேன்னா இந்தப் பேச்சே வேண்டாம்."

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "ஒரு வரி எழுதிப் போட்டுடுடி."

"எழுதறேன்மா," என்றாள் மகள். எழுதினாள்: "மாப்பிள்ளை நாளைக்கு 400 அடி நடக்க வாழ்த்துகள்."

ஒவ்வொருவராகக் குழுவிலிருந்து வெளியேறினார்கள். அம்மா அழுதுகொண்டே வெளியேறினாள். அப்பா கொண்டை ஊசிகளை அவள் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார்.

மறுநாள் மதியம், யாரோ வீட்டு மொட்டைமாடியில் லிஃப்ட் மோட்டாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குழுவையே அழித்துவிடலாம் என்று மகள் போனை எடுத்தாள். உறுப்பினர்கள் இரண்டு பேர் என்று காட்டியது. ஒரு செய்தி காத்திருந்தது.

"நான் மாப்பிள்ளையோட அம்மா எழுதறேன்மா. இதுலேர்ந்து எப்படி வெளிய போறதுன்னு தெரியலன்னு வீட்ல சொல்லிட்டேன். ஆனா தெரியும். இன்னிக்கு 2,140 அடி நடந்தேன், பார்த்தியா? எனக்குக் கல்யாணம் பேசினப்ப நான் நாப்பத்தோரு கிலோ. பொண்ணு எலும்பும் தோலுமா இருக்கா, சதை போடட்டும்னு இதே வீட்ல கல்யாணத்தை ஆறு மாசம் தள்ளி வச்சாங்க."

மகள் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டு எழுதினாள்: "நாளைக்கு எத்தனை மணிக்கு நடக்கப் போறீங்க அத்தை?"

பதில் உடனே வந்தது. "ஆறுக்கு. அவங்க எல்லாம் எந்திரிக்கிறதுக்குள்ள வந்துடணும்."